வரமா, தொழிலா?

"மாமா, என்ரை கதையிலை வாற பெட்டையை வைத்தியர் ஆக்கப்போறன். அவள் கையை வைச்சாப் புண் ஆறும்" என்றாள் வெள்ளவத்தை மருமகள். மந்திர உலகமொன்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அது வரமல்லவோ, தொழில் இல்லையே என்றேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மதம் பாராமல் சனம் திரளுவது வரம் கேட்டுத்தான். அங்கே நேர்த்தி வைக்கலாம். ஆனால் இன்ன நேரத்துக்கு வாருங்கள் என்று அற்புதத்துக்கு நம்பர் கொடுக்க முடியாது.

அப்படியானால் தொழில் எது? அளவுகோல் நம்மிடமே உண்டு. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும் 950ஆம் குறள், மருத்துவத்தை நாலாகப் பிரிக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று பார்ப்பவர். மாயக்கதை வைத்தியர்களையும் இந்த நாலிலே நிறுத்திப் பார்க்கலாம்.

1955இல் வந்த டோல்கினின் 'த ரிட்டர்ன் ஒஃப் த கிங்' நாவலில், அரகோர்ன் அதெலாஸ் இலையைக் கசக்கி வெந்நீரில் இட, சாகக் கிடந்தவர்கள் மீள்கிறார்கள். மூலிகை அறிஞருக்கு இலையின் பெயர்கள் பல மொழியில் தெரியும். கைவசம் இலை இல்லை. அரசனின் கையே ஆற்றும் கை என்ற பழமொழியை நினைவில் வைத்திருப்பவள் பணிவிடை செய்யும் கிழவி அயொரெத். பக்கத்தில் நிற்பவருக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த மாயக்கதை அரிது. ஆனால் குணம் வருவது அரச வம்சத்திலிருந்து. நம் ஊரில் அதற்குக் கைராசி என்று பெயர். கைராசியை யாராலும் படித்து எடுக்க முடியாது. ஆகவே, தொழில் அல்ல.

ரோலிங் தொழிலைச் சரியாகப் பிடித்தார். 2003இல் வெளிவந்த ஐந்தாவது ஹரி பொட்டர் நாவலில் வைத்தியராக வர ஐந்து பாடங்களில் நல்ல சித்தி வேண்டும். செயின்ட் மங்கோ மருத்துவமனையில் மாடிக்கு மாடி நோய்ப் பிரிவு. மந்திரத்தால் புத்தி கலங்கிய லோங்பொட்டம் தம்பதி குணமாகாமலே கிடக்கிறார்கள். எல்லை தெரிந்த வைத்தியம் அது. குறை எங்கே என்றால், நோயாளிக்கு அனேகமாக வேலையே இல்லை. கசப்பைக் குடித்தால் சரி. விதிவிலக்கு பாம்புக்கடி பட்ட ஆர்தர் வீஸ்லி. பயிற்சி வைத்தியர் சொன்னதைக் கேட்டு, நம் டொக்டர்மார் போடுவது போல் தையல் போட ஒத்துக்கொள்கிறார். விஷம் நூலைக் கரைத்துவிடுகிறது. மனைவி பொரிந்து தள்ளுகிறார். அந்த வார்டில் உயிரோடு நிற்கும் காட்சி அதுதான்.

இனி நம் பரியாரியார். நாடியில் வாதம், பித்தம், ஐயம் பார்த்து, சரக்கைச் சரையாகக் கட்டித் தருவார். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை குடிநீரை அடுப்படியில் நின்று காய்ச்சுவது அம்மாவோ ஆச்சியோ. பத்தியம் காப்பது நோயாளி. கத்தரிக்காய்க்கு ஆசைப்பட்டால் பழி அவன் தலையில்! விஷ வைத்தியத்தில், செய்தி கொண்டு ஓடிவந்த தூதன் எப்படி நின்றான், என்ன பேசினான் என்பதும் குறி. கற்பனையால் இதைவிட நல்ல மந்திர விதியை உண்டாக்குவது கடினம். நாலும் இங்கே நிற்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. பரம்பரைக் கைமுறையை மகனுக்குக்கூடச் சொல்லாமல் செத்தவர்கள் உண்டு. கற்பித்தவர் யார், பிழை நடந்தால் கேட்பது யார் என்ற கேள்விக்கு 1929இல் பொரளையில் திறந்த சுதேச வைத்தியக் கல்லூரியும், வைத்தியர் பதிவுக்கு விதி வகுத்த 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும்தான் இலங்கை சொன்ன பதில். நிசமாகவே பாம்பு கடித்தால் ஓட வேண்டியது அரசாங்க ஆஸ்பத்திரிக்கு, விஷமுறிவு ஊசிக்கு. நான் எடைபோடுவது கதைக்கான பாத்திரத்தை.

தீர்ப்பு இது: பரீட்சையையும் எல்லையையும் ரோலிங்கிடம் வாங்கலாம், கிழவியை டோல்கினிடம் வாங்கலாம், உடம்பு பரியாரியாருடையதாக இருக்கட்டும். சொல்லாமல் மறைத்த கைமுறை வைத்தியத்துக்குக் குறை. கதைக்கு அதுவே முடிச்சு.

மருமகள் கொப்பியில் 'கையை வைச்சா' என்ற வரியை வெட்டினாள். "அப்ப, அந்தப் பெட்டை சொன்ன பத்தியத்தை ராசா முறிச்சா?" என்று கேட்டாள்.