வெளியேறுவோரும் தங்குவோரும்: இணைய விளையாட்டு ஆய்வுகள் மீது ஒரு மறுநோக்கு

பல்லாயிரவர் ஒரே களத்தில் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளை ஒருவர் ஏன் தொடர்ந்து ஆடுகிறார், ஏன் கைவிடுகிறார் என்னும் வினா ஆய்வுலகில் நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. தரப்பட்டுள்ள விடைகளுள் பெரும்பாலானவை காரணத்தைத் தனியாளின் உள்ளத்தில் தேடுகின்றன. அவ்வாறு தேடுவது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒருவர் வெளியேறும்போது பிறர் எதை இழக்கின்றனர் என்று கேட்டாலன்றி, அவர் அதுவரை ஏன் தங்கினார் என்பது விளங்காது.

1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவுடன் இணைந்து 'மட்' என்னும் எழுத்துவழி விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் வெளியிட்ட கட்டுரையில் ஆடுவோரைச் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களைக் கொண்டு வகைப்படுத்தினார்: சாதிப்போர், தேடித் திரிவோர், பழகுவோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர். இப்பகுப்பை மேற்கோள் காட்டாத நூல் அரிது. ஆயின், மேற்கோள் காட்டுவோருள் பலர் அக்கட்டுரையின் பிற்பகுதியைப் படித்ததாகத் தோன்றவில்லை. தாக்குவோர் பெருகினால் பழகுவோர் குறைவர் என்பது போல, ஒரு வகையினரின் பெருக்கம் மற்றொரு வகையினரை எவ்வாறு விரட்டும் அல்லது ஈர்க்கும் என்பதே அங்குப் பார்ட்டிலின் அக்கறை. பின்வந்தோர் இவ்வுறவுக் கணக்கை விடுத்து, அதனை 'நீங்கள் எந்த வகை?' என்று வினவும் ஆளுமைச் சோதனையாகச் சுருக்கிவிட்டனர்.

நிக் யீ 2006இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் செப்பமானது. ஏறத்தாழ 3,000 பேரிடம் வினாநிரல் வழித் தரவு திரட்டி, ஆடுவதற்கான 10 ஊக்கிகளைக் கண்டு, அவற்றைச் சாதனை, உறவு, ஆழ்ந்து திளைத்தல் என மூன்றாகத் தொகுத்தார். ஒருவர் வகைக்குள் அடங்கியவர் அல்லர், பல ஊக்கிகள் அவரிடம் கலந்திருக்கும் என்று காட்டியது அதன் சிறப்பு. ஆயினும் ஒருவரின் ஊக்கிகள் ஒரே மாதத்தில் மாறிவிடுவதில்லை. வெளியேற்றமோ ஒரே மாதத்தில் நிகழ்ந்துவிடுகிறது. மேலும், விடையளித்தோர் ஆடிக்கொண்டிருப்போர். விட்டுச் சென்றவர்களை அவ்வினாநிரல் எவ்வாறு எட்டும்?

எனவே, உள்ளத்தை விடுத்து விதிகளை நோக்குவோம். 1999இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில் இறப்பு கொடியது. இறந்தவர் ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கை இழப்பார்; அவருடைய உடைமைகள் உடலோடு இறந்த இடத்திலேயே கிடக்கும்; அவர் வெறுங்கையராய் வேறோரிடத்தில் உயிர்த்தெழுந்து, அவ்வுடலைத் தேடித் திரும்ப நடக்க வேண்டும். கிளெரிக் என்னும் குணப்படுத்துநர் ஒருவர் உடனிருந்தால், அவர் உடலருகிலேயே உயிர்ப்பித்து, இழந்த புள்ளிகளில் ஒரு பகுதியையும் மீட்டுத் தருவார். ஆகவே குணப்படுத்துநர் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது பொழுதுபோக்கு நட்பன்று, தேவை. அவர் ஒரு மாலை வரவில்லையெனில் அணி புறப்படுவதற்கே தயங்கும்.

இத்தேவையிலிருந்தே ஆடுவோர் தாமாக ஒரு கணக்கு முறையை வகுத்தனர். பெரிய டிராகன்களை வீழ்த்தப் பலர் வேண்டும்; கிடைக்கும் பொருள்களோ சில. யாருக்குக் கொடுப்பது? வருகை தந்த ஒவ்வொருவருக்கும் புள்ளி வழங்கி, புள்ளியைச் செலவிட்டுப் பொருளைப் பெறும் 'டிராகன் கொலைப் புள்ளி' முறை எவர்குவெஸ்ட் குழாம்களில் பிறந்தது. ('கில்டு' என்பதைக் 'குழாம்' என்றே இங்கு வழங்குகிறேன்; இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பின் மகிழ்வேன்.) நிறுவனம் இப்புள்ளிகளை உருவாக்கவில்லை, விளையாட்டின் நிரலிலும் அவை இல்லை. குழாத்தின் ஏட்டில் மட்டுமே அவற்றுக்கு மதிப்பு உண்டு. குழாத்தை விட்டு நீங்கினால் அவை வெறும் எண்கள். ஆறு மாதம் தவறாது வந்தவரின் உழைப்பு அவ்வேட்டில் கட்டுண்டு கிடக்கிறது. தங்குவதற்கு இதனினும் வலுவான காரணத்தை எந்த ஊக்கிப் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

2003இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ்' இதற்கு எதிர்மறைச் சான்று. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் இருந்தன. போராடிக் களைத்தவர் மதுக்கூடத்திற்குச் சென்று, வேறோர் ஆடுநர் ஆடும் நடனத்தைக் கண்டோ இசையைக் கேட்டோதான் அப்போர்க்களைப்பைப் போக்கிக்கொள்ள இயலும். வாளேந்தாத நடனக் கலைஞரும் இன்றியமையாதவரானார். நவம்பர் 2005இல் நிறுவனம் புதியவர்களை ஈர்க்கக் கருதித் தொழில்களை 9ஆகக் குறைத்து, விளையாட்டை எளிமையாக்கியது. விலங்குகளைப் பழக்குவோர் போன்றோரின் தொழில்கள் அடியோடு மறைந்தன. பழைய ஆடுநர் பெருமளவில் வெளியேறினர். 2011 டிசம்பரில் களமே மூடப்பட்டது. ஆடுவோரின் ஆளுமை அந்த நவம்பரில் மாறவில்லை. ஒருவரை மற்றொருவர் நாடவேண்டிய தேவையே மாறியது.

இக்கருத்துக்குத் தடையாக நிற்பது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. டுஷனோ, யீ முதலிய நால்வர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, அவ்விளையாட்டில் பெரும்பாலோர் பிறர் சூழ இருந்தும் தனித்தே ஆடுகின்றனர் எனக் காட்டியது. பிறர் அவர்களுக்குத் துணைவரல்லர்; பார்வையாளரும் காட்சியுமே. 2009 டிசம்பரில், அறிமுகமற்றோரைத் தானாகச் சேர்த்து அணியமைக்கும் வசதி வந்தது. பெயரைக்கூட அறியாமல் கூடி ஆடிப் பிரியலாம். அதன் பின்னரும் சந்தாதாரர் தொகை உயர்ந்து, 2010 அக்டோபரில் 12 மில்லியனைத் தொட்டது. ஆக, பிணைப்பில்லாமலும் மக்கள் வருவர் என்பதை மறுப்பதற்கில்லை. வருவது வேறு, தங்குவது வேறு என்பதே நான் வலியுறுத்துவது. பிணைப்பில்லாது வந்தவர் போவதற்கும் எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அதே விளையாட்டில், உச்சநிலையை எட்டியோர் ஈடுபடும் பெருந்தாக்குதல்கள் தொடக்கத்தில் 40 பேர் அணியைக் கோரின. 2007 ஜனவரியில் வந்த விரிவாக்கம் அதனை 25 ஆக்கியது. எஞ்சிய 15 பேரைக் கொண்டு இன்னோர் அணி அமைக்க இயலாது. அந்த 15 பேரில் ஒருவர் சலித்து விலகினார் என்று தரவுத்தாளில் பதிவாகுமானால், அப்பதிவு உண்மையாகுமா?

இது வெறும் வகைப்பாட்டுச் சிக்கலன்று. 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பகுப்பில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்ற பின்னர், நள்ளிரவு வரை ஆடும் மாணவரை நோயாளியாகக் காண்பது ஆசிரியர்க்கு எளிதாகிவிட்டது. அத்தகையோர் உளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் என் மாணவர் ஒருவர், "டாக்டர், இன்றைக்கு நான் போகவில்லையென்றால் மற்ற ஒன்பது பேரும் ஆட முடியாது" என்றார். இதில் அடிமைத்தனம் மட்டுமே கேட்குமாயின், நம் செவியில்தான் குறை. விழாவுக்கு முன் நாடக ஒத்திகையைத் தவறவிட மறுக்கும் மாணவரை நாம் பாராட்டுகிறோம்.

விளையாட்டே மறைந்தால் தங்குதல் என்னவாகும்? சீலியா பியர்ஸ் 2009இல் வெளியிட்ட நூல் இதனை ஆராய்கிறது. 2004 பிப்ரவரியில் 'ஊரு' என்னும் களத்தின் இணையப் பகுதி மூடப்பட்டபோது, ஒரு குழுவினர் 'தேர்' என்னும் மற்றொரு மெய்நிகர் உலகிற்குக் கூட்டமாகப் பெயர்ந்தனர். தம் பழைய களத்தின் சாயலில் பொருள்களையும் கட்டடங்களையும் அங்கு மீண்டும் படைத்தனர். முன்பே அங்கிருந்தோரின் எரிச்சலுக்கும் ஆளாயினர். பியர்ஸ் இவர்களைப் புலம்பெயர்ந்தோர் எனவும், அவர்களே தம்மை அகதிகள் எனவும் குறிக்கின்றனர். புலம்பெயர்வு இலக்கியத்தைப் பாடமாக நடத்தும் நம் துறையினர்க்கு இச்சொற்கள் உறுத்தவே செய்யும். இவர்கள் வீட்டையோ குடியுரிமையையோ இழந்தவரல்லர். எனினும், விளையாட்டு இறந்த பின்னும் குழு தொடர்ந்தது என்ற பியர்ஸின் கண்டுபிடிப்பை, சொல்லின் மிகையைக் காரணங்காட்டித் தள்ளிவிட முடியாது.

அந்நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. களம் மூடப்பட்ட பின்னர் ஆய்வைத் தொடங்கிய பியர்ஸ், சேர்ந்து நகர்ந்தோரையே சந்தித்தார். அதே பிப்ரவரியில் எவரோடும் சேராமல் கணினியை அணைத்துவிட்டுப் போனவர்கள் நூலில் இல்லை. யீயின் வினாநிரலில் இல்லாதது போலவே. அவர்களைக் குறித்து இன்று சொல்லக்கூடியவர்கள், அவர்களோடு முன்னர் ஆடியவர்களே. அடுத்த ஆய்வாளர் வினாநிரலோடு முதலில் செல்லவேண்டியது அவர்களிடம்.