கல்யாணியில் பாஸ், பேகடாவில் ஃபெயில்: சர்ஜ் எக்ஸ்டி சின்தசைசர்

திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல் தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகளைத் திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்பார்கள். அவருடைய சீடர் வீணை குப்பய்யரின் ஊர் அது. கல்யாணி, ஆரபி, பேகடா, சுத்த சாவேரி, சாவேரி என்று ஐந்தும் ஐந்து ராகம். ஒரு சின்தசைசரின் சுருதியைச் சோதிக்க இதைவிட நல்ல பரீட்சைத் தாள் வடசென்னையில் கிடைக்காது.

பரீட்சை எழுதியது சர்ஜ் எக்ஸ்டி. கணினியில் ஓடும் இலவச சின்தசைசர். 2018இல் அதன் மூல நிரல் பொதுவில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

சாதாரண கீபோர்டில் ஸ்தாயி 12 சம பங்காக வெட்டப்பட்டிருக்கிறது; ஒரு பங்கு 100 சென்ட். அதில் அந்தர காந்தாரம் 400 சென்ட். தம்புராவின் நாதத்தோடு இழையும் காந்தாரமோ 5/4 விகிதம், அதாவது 386 சென்ட். 14 சென்ட்தானே என்று விட முடியாது. ஒரு கட்டை சுருதியில் ஸட்ஜத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்குப் பத்துத் தடவை ஒலி துடிக்கிறது.

சர்ஜில் இதைச் சரிசெய்வது சுலபம். 9/8, 5/4, 4/3, 3/2, 5/3, 15/8, 2/1 போன்ற விகிதங்களை வரிக்கு ஒன்றாக எழுதிய 'எஸ்சிஎல்' கோப்பைத் திரைமேல் இழுத்துப் போட்டால் போதும். துடிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் கோரஸ் போட்ட பேட் ஒலிகளில் வித்தியாசமே தெரியாது. அலங்காரமில்லாத 'இனிட் ஸா' ஒலிதான் சரி. ஹெட்போனும் அவசியம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி உறுமும்போது 14 சென்ட்டை ஸ்பீக்கரில் தேடுவது வீண்.

கல்யாணியின் நீண்டு நிற்கும் காந்தாரமும் நிஷாதமும் நன்றாக அமைகின்றன. சுத்த சாவேரி அதைவிடச் சுகம். ஆரபியில் தடுமாற்றம் தொடங்குகிறது. சாவேரியின் ரிஷபமும் தைவதமும் கமகம் எனப்படும் அசைவில்தான் உயிர் பெறுகின்றன. எந்த விகிதத்தை எழுதினாலும் விறைத்து நிற்கின்றன. பேகடாவின் மத்திமம் சுத்தமாகப் பிடிபடவில்லை. பிட்ச் பென்ட் சக்கரத்தை உருட்டினால் ஏதோ ஒரு சாயல் வருகிறது, அவ்வளவுதான்.

கீபோர்டு மீது இந்தப் புகார் புதிதல்ல. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு, 1971இல்தான் தளர்த்தத் தொடங்கியது. சம பங்குச் சுருதி, கமகமின்மை ஆகிய இரண்டுமே அப்போது சொல்லப்பட்ட குறைகள். சர்ஜ் தீர்ப்பது முதல் குறையை மட்டும்.

இன்னொரு சிக்கல் மேடையில் வரும். ஒரு கட்டைக்கு எழுதிய கோப்பை வைத்துக்கொண்டு பாடகர் கேட்டாரென்று இரண்டு கட்டைக்குத் தாவினால், பஞ்சமம் சுமார் 22 சென்ட் இறங்கிக் காதைக் கீறும். ஆதார ஸ்வரத்தை மாற்றத் தனியாக 'கேபிஎம்' கோப்பு வேண்டும். பாட்டுக்குப் பாட்டு கட்டை மாறும் கானா கச்சேரியில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? அங்கே பழைய சம பங்குச் சுருதியே மேல்.

வீட்டில் சுருதிப் பெட்டியோடு ஸ்வரம் பழகுகிறவர்கள், ட்ரோன் வைத்து இசையமைப்பவர்கள் தாராளமாக இதை நிறுவலாம். பேகடா வேண்டுமென்பவர்களுக்கு வீணைதான் கதி.