கூத்தனுக்கு ஊர் தந்த நிலம்

நாடகாசிரியர் பிறந்த ஊர் என்றவுடன் கற்றவர் நாவில் முதலில் வருவது ஸ்ட்ராட்போர்டு. ஷேக்ஸ்பியரைப் பெற்ற அவ்வூரை நாடகத்தின் தாய்வீடு எனப் புகழ்வோர், அதன் நகரசபைக் கணக்கேட்டையும் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று. 1569இல் அவர் தந்தையார் நகரத்தலைவராக இருந்தபோது, வந்த நடிகர்களுக்கு நகரப் பணத்தில் வெகுமதி தரப்பட்டது உண்மையே. ஆனால் 1622இல், அவர் பங்காளியாக இருந்து எழுதிக் கொடுத்த குழுவே அங்கு வந்து நின்றபொழுது, ஆடாமல் போகும்படி 6 ஷில்லிங் கொடுத்து அனுப்பினர்! அவர் மறைந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் 1769இல் அவர் பெயரால் பெருவிழா எடுத்தார்கள். விருந்தும் வாணவேடிக்கையும் இருந்தன, அவருடைய நாடகம் ஒன்றேனும் அதில் ஆடப்படவில்லை.

ஓர் ஊருக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவைப் பிறப்பைக் கொண்டு அளப்பதா, ஆடுவோனுக்கு அவ்வூர் அளந்த சோற்றைக் கொண்டு அளப்பதா? இரண்டாவதே சரியான அளவுகோல் என்பது நம் கருத்து. அதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. அரியலூர்ச் சீமையிலேயே இருக்கிறது.

கொள்ளிடத்தின் வடபால் உள்ள காமரசவல்லியில், கார்க்கோடேசுவரர் கோயிற் கல்வெட்டொன்று முதலாம் இராசேந்திரன் காலத்தது, ஆண்டு 1041. மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக் கூத்து ஆடுவதற்காக, சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பானுக்கு ஊர்ச்சபையார் நிலம் அளித்த செய்தியை அது சொல்கிறது. கொடுத்தவன் மன்னன் அல்லன், ஊர்ச்சபை என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்க. விழா முடிந்தபின் வீசியெறியும் காசன்று அது, விளையும் நிலம். கூத்தன் அங்கு விருந்தாளி அல்லன், ஊரான்.

அதே சீமையின் கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், தஞ்சைப் பெரியகோயிலில் வைகாசி விழாவுக்கு இராசராசேசுவர நாடகம் ஆட ஏற்பாடாயிற்று. சாந்திக் கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனுக்கு நாளொன்றுக்கு ஒரு தூணி நெல். மூன்று தூணி ஒரு கலமாதலால், ஆண்டுக்கு 120 கலம். அந்நாடகத்தின் ஏடு இன்று இல்லை. ஹதீஸ் கற்றோர் 'மத்னு' என்னும் மூலவாசகத்தையும் 'இஸ்னாது' என்னும் அறிவிப்பாளர் தொடரையும் வேறுவேறாக ஆய்வர். இங்கு மத்னு முழுதும் மறைந்து, இஸ்னாதில் ஒரு கண்ணி மட்டும் எஞ்சியிருக்கிறது.

அரபு நாட்டிலோ நிலைமை தலைகீழ். மௌஸிலில் பிறந்த இப்னு தானியால் இளமையிலேயே ஊரைத் துறந்து கெய்ரோ சென்று, கண் மருத்துவராய்ப் பிழைத்துக்கொண்டே 13ஆம் நூற்றாண்டில் நிழற்கூத்துக்கு நாடகங்கள் எழுதினார். மூன்று நாடகங்களின் வாசகம் கிடைத்திருக்கிறது. அவற்றைத் திரைக்குப் பின் நின்று ஆட்டியவர்களின் பெயரை யார் அறிவார்?

நம் நாடக வரலாறுகளில் பல, அச்சேறிய நூலிலிருந்தும் அதை எழுதியவரிலிருந்தும் தொடங்குகின்றன. கூத்து அவற்றில் முன்னுரைப் பத்தி ஒன்றோடு சரி. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனைச் சொல்வார்கள். கேரளத்துச் சாக்கியார் கூத்தையும் வியப்பார்கள். இடையில் நிற்கும் காமரசவல்லியை எளிதில் தாண்டிவிடுவார்கள். நாமும் குற்றமற்றவர்கள் அல்லோம். 'கூத்தாடி' என்பது நம் இல்லங்களில் பிள்ளைகளை வையும் சொல்லாகவே வழங்கி வந்தது. மதரஸாவில் நாமே பலமுறை அவ்வாறு வைதிருக்கிறோம். அக்கல்வெட்டுச் செய்தியைப் படித்த பிறகு அச்சொல் நம் வாயில் எளிதாக வருவதில்லை.

அரியலூர்ப் பக்கம் செல்வோர் பெரும்பாலும் கங்கைகொண்டசோழபுரத்து விமானத்தைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அடுத்த முறை செல்வோர் கொள்ளிடக்கரைக் காமரசவல்லிக்கும் ஒரு பொழுது ஒதுக்குவாராக.