கம்ப்ரஸரையும் டர்பைனையும் ரசிப்பது எப்படி?

விமானப் பொருட்காட்சிசாலைகளில் நெடுகப் பிளந்து வைத்திருக்கும் ஜெட் எஞ்சினைக் காண வருவோர், பெரும்பாலும் முகப்பிலுள்ள பெரிய விசிறியை வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் நின்று, முன்னிருந்து பின்னாகக் கண்ணை மெல்ல ஓட்டுகிறவருக்கே அந்த யந்திரத்தின் சௌந்தரியம் முழுமையாகப் புலப்படும்.

முதலில் பிளேடுகளின் உயரத்தைக் கவனியுங்கள். முன்பாதியிலுள்ள கம்ப்ரஸரில், காற்று நெருக்குண்டு அடர்த்தி பெறப் பெற, பிளேடுகள் வரிசைக்கு வரிசை குட்டையாகிக்கொண்டே போகும். எரிஅறைக்குப் பின்னாலுள்ள டர்பைனிலோ, உஷ்ண வாயு விரிந்துகொண்டே செல்வதால் அவை வரவர நீளும்.

அடுத்து, சுழலும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். போயிங் 737 விமானங்கள் பலவற்றில் உள்ள சி.எஃப்.எம். 56-7பி எஞ்சினில், உயர் அழுத்தக் கம்ப்ரஸருக்கு 9 வரிசைகள். அந்த 9 வரிசைகளையும் சுழற்ற டர்பைனின் ஒரே வரிசை போதுமானதாக இருக்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாய்வதே காற்றின் சுபாவம். அந்த சுபாவத்துக்கு விரோதமாக அதைச் செலுத்தவேண்டிய கம்ப்ரஸர் சற்று அவசரப்பட்டாலும், காற்று பிளேடின் முதுகைவிட்டுப் பிரிந்து குழம்பிவிடும். ஆகவேதான் மெல்லிய, இலேசாக வளைந்த பிளேடுகளைக் கொண்டு, வரிசைக்குச் சிறிதாக அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். டர்பைனில் வாயு தன் போக்கிலேயே போவதால், ஆழமாக வளைந்த தடித்த பிளேடுகள் அதைச் சட்டெனத் திருப்பி, அதன் சக்தியைத் தாராளமாக வாங்கிக்கொள்கின்றன. டர்பைனின் முதல் வரிசையைக் கிட்டே போய்ப் பாருங்கள்: பிளேடின் மேனியெங்கும் நுண்ணிய துளைகள். தன் உலோகத்தையே உருக்கவல்ல வாயுவின் நடுவே சுழலும் அந்தப் பிளேடை, கம்ப்ரஸரிலிருந்து கொண்டுவந்த காற்று அத்துளைகள் வழியே கசிந்து, ஒரு போர்வையைப் போல் மூடிக் காக்கிறது.

இவ்விரண்டில் மனிதனை அதிகம் சோதித்தது கம்ப்ரஸர்தான். டர்பைன் ஈட்டியதையெல்லாம் அதுவே விழுங்கிவந்த காலத்தில், 1903-இல் நார்வே தேசத்து எகிடியஸ் எல்லிங், சுமார் 11 குதிரைசக்தியை மிச்சப்படுத்திக் காட்டியதே பெரிய சாதனையாயிற்று. பிளேடுக்கு விமான இறக்கையின் வடிவம் தரவேண்டும் என்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானி ஏ. ஏ. க்ரிஃபித் 1926-இல் நிரூபித்த பிறகே வழி தெளிந்தது.

ஆதலால் பொருட்காட்சிசாலைக்குச் செல்லும் அன்பர்கள், விசிறியைக் கண்டதோடு திரும்பிவிடாமல், கம்ப்ரஸரின் கடைசி வரிசையையும் டர்பைனின் முதல் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்து வரும்படி வேண்டிக்கொள்கிறேன்.