கிட்னி மாத்திரை எதைக் காப்பாற்றுகிறது?

2012 அக்டோபரில் பெரிய மருந்து ஆய்வு ஒன்று பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதன் பெயர் பீக்கன். சர்க்கரை நோயால் சிறுநீரகம் நான்காம் கட்டம் வரை கெட்டுப்போன 2,185 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு பார்டாக்ஸலோன் மீத்தைல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. பார்டாக்ஸலோன் வைட்டமின் அல்ல. உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் ஆன்டிஆக்ஸிடன்ட் காப்பு முழுவதையும் முடுக்கிவிடும் மருந்து. 2011-ல் வெளியான சிறிய ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரக வடிகட்டும் திறன் கூடியிருந்தது. பழுதான சிறுநீரகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து வந்துவிட்டது என்றே மருத்துவ உலகம் எதிர்பார்த்தது. பீக்கன் முடிவு வேறு மாதிரி அமைந்தது. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் மருந்து எடுத்த பக்கம் 96 பேர், வெற்று மாத்திரைப் பக்கம் 55 பேர். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள் அல்லது இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் இரு பக்கமும் தலா 69 பேர். பரிசோதனைச் சீட்டில் எண் நன்றாக ஏறியது. நோயாளிக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வு மருத்துவர்களோடு நின்றுவிடக் கூடாத செய்தி. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. “கிட்னியில உப்பு கொஞ்சம் ஏறியிருக்கு” என்று கேள்விப்படும் சர்க்கரை நோயாளி, அடுத்து மருந்துக்கடையில் வாங்கும் பையில் பெரும்பாலும் ஒரு சத்து மாத்திரை அட்டை இருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் 150 மில்லிகிராமும் டாரின் 500 மில்லிகிராமும் கலந்த மாத்திரையாக இருக்கலாம். வைட்டமின் ஈ, செலினியம், லைகோபீன், ஆல்ஃபா லிபோயிக் அமிலம் எல்லாம் சேர்ந்த கேப்சூலாகவும் இருக்கலாம். சத்துப்பொருளாகப் பதிவான அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி தெரியும்: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. சட்டப்படி அந்த வரி இருந்தாக வேண்டும். வாங்குகிறவரோ சிறுநீரகத்துக்கு மருந்து என்று நம்பியே காசு கொடுக்கிறார்.

நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமிக்க மூலக்கூறு அளவுக்கு மீறி உருவாகிறது. கண், சிறுநீரகம், நரம்பு மூன்றையும் தாக்கும் நான்கு வேதிப் பாதைகளை அதுவே திறந்துவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரௌன்லி 2001-ல் நேச்சர் இதழில் இப்படி ஒரு விளக்கத்தை முன்வைத்தார். அழகான விளக்கம், நான்கு பாதைகளுக்கும் ஒரே வேர். வேரை வெட்டினால் போதும் என்று தோன்றுவது இயல்பு. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு எந்த ஆன்டிஆக்ஸிடன்ட்டைக் கொடுத்தாலும் சிறுநீரகம் தப்பித்ததாக ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன.

எலி வேறு, மனிதர் வேறு என்பதோடு விஷயம் முடியவில்லை. அந்த எலிகளில் பலவற்றுக்கு நோய் தொடங்கும்போதே மருந்தும் தொடங்கிவிடுகிறது. சில வாரங்களில் கணக்கு முடிந்துவிடுகிறது. மனிதருக்குச் சிறுநீரகம் கெடப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். மருந்துக்கடைக்குப் போகும்போது வடிகட்டிகளில் கணிசமான பகுதி தழும்பாகிவிட்டிருக்கும். கருதுகோளிலேயே விரிசல் விழுந்த சம்பவமும் உண்டு. சான் டியாகோவில் குமார் சர்மா உள்ளிட்ட குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயுள்ள எலிகளின் சிறுநீரகத்தில் சூப்பர் ஆக்சைடு கூடவில்லை, குறைந்திருந்தது. மைட்டோகாண்ட்ரியா சோர்ந்துபோயிருந்ததே அங்கே சிக்கல். அப்படியென்றால் ஆன்டிஆக்ஸிடன்ட்டை அள்ளிக் கொடுப்பது எந்த நோய்க்கு? இந்தக் கேள்விக்கு விற்பனையாளர்களிடம் பதில் இல்லை.

மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனை வைட்டமின் ஈ-யில் தொடங்கியது. ஹோப் ஆய்வில் சர்க்கரை நோயுள்ள 3,654 பேர் நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் ஈ அல்லது வெற்று மாத்திரை சாப்பிட்டார்கள். சராசரியாக நாலரை ஆண்டுகள் போனபின் பார்த்தால் இதயத்துக்கும் பயனில்லை, சிறுநீரகத்துக்கும் பயனில்லை. ஆய்வை நீட்டித்து 2005-ல் வெளியிட்ட முடிவில், வைட்டமின் ஈ எடுத்த மொத்தக் குழுவிலும் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது முதல் எச்சரிக்கை.

இரண்டாவது எச்சரிக்கை கனடாவிலிருந்து வந்தது. அதில் கொடுத்தவை ஃபோலிக் அமிலம், பி6, பி12. கறாராகச் சொன்னால் இவை ஆன்டிஆக்ஸிடன்ட் வகையில் சேராது, ஆனால் அதே அட்டையில் அதே நம்பிக்கையோடு விற்கப்படுபவை. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 238 பேரிடம் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் வைட்டமின் சாப்பிட்டவர்களின் வடிகட்டும் திறன் 16.5 அலகு சரிந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 10.7 அலகுதான். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இரு மடங்கு. 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளிவந்தது. மெட்ஃபார்மின் நீண்டகாலம் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைவது உண்மை. இரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் கொடுப்பது சரியான வைத்தியம். எல்லோருக்கும் எப்போதும் அள்ளிக் கொடுப்பது வேறு காரியம்.

அசிட்டைல்சிஸ்டீன் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மருந்துச் சீட்டுகளில் அது அவ்வளவு சகஜம். ஸ்கேனுக்குப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்காமல் அது காப்பதாக 2000-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் இருந்தவர்கள் 83 பேர். அந்த 83 பேரை நம்பி உலகம் முழுக்க மருத்துவமனைகள் ஆஞ்சியோகிராமுக்கு முன்னால் அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தன. மலிவு, பெரிய பக்கவிளைவு இல்லை, கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பதினெட்டு ஆண்டு கழித்து, பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளான சுமார் 5,000 பேரிடம் நடந்த பிரிசர்வ் ஆய்வு, அதனால் ஒரு பயனும் இல்லை என்று முடித்தது. கான்ட்ராஸ்ட் பாதிப்பு வேறு, ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேயும் சிறுநீரகம் வேறு என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த இரண்டாவது நோக்கத்துக்கு அசிட்டைல்சிஸ்டீன்-டாரின் கூட்டு டயாலிசிஸைத் தள்ளிப்போடுகிறது என்று நிறுவிய பெரிய ஆய்வு இன்றுவரை இல்லை. இருந்தும் அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எழுதப்படுகிறது.

மஞ்சளும் இதே பாதையில்தான் வந்தது. ஈரானின் ஷிராஸ் நகரில் 40 நோயாளிகள் இரண்டு மாதம் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளிவந்தது. சிறுநீரில் போகும் புரதம் குறைந்தது. அதே நகரில் சிலிமரின் என்ற மூலிகைச் சத்தை 60 பேரிடம் மூன்று மாதம் சோதித்தபோதும் புரதம் குறைந்தது. இவற்றை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது. புரதக் கசிவு குறைவது நல்ல அறிகுறியே. ஆனால் கனடாவில் 519 பேரிடம், மஞ்சளின் முக்கியச் சத்தான குர்க்குமினை நுண்துகளாக்கி ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தபோது புரதமும் குறையவில்லை, வடிகட்டும் திறனும் காப்பாற்றப்படவில்லை. ஆட்களும் மாதங்களும் கூடக்கூடப் பயன் கரைந்துபோவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஆதரவான தரப்பில் வைக்கக்கூடிய வலுவான சான்று ஒன்று உண்டு. சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த 95 ஆன்டிஆக்ஸிடன்ட் ஆய்வுகளை, மொத்தம் 10,468 பேரை, காக்ரேன் குழு 2023-ல் தொகுத்துப் பார்த்தது. சிறுநீரகச் செயலிழப்பு நிலைக்குப் போகிறவர்கள் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் உயிர் பிழைப்பதிலோ இதயநோயிலோ முன்னேற்றம் இல்லை. இதயச் செயலிழப்பும் தொற்றும் கூடின. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களில் பலர் டயாலிசிஸுக்கு முன்பே இதயநோயால் இறக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பேரம் அவர்களுக்கு லாபமில்லை.

இயற்கைப் பொருள்தானே, சாப்பிட்டால் என்ன என்ற எண்ணத்துக்குக் கேரளத்தில் ஒரு பதில் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன் புளிச் சாறு குடித்த பத்துப் பேருக்குத் திடீரென்று சிறுநீரகம் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காரணம் அந்தப் பழத்தின் ஆக்சலேட், சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறைந்துவிட்டது. அதிக அளவில் எடுக்கும் வைட்டமின் சி-யிலும் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறுகிறது. மஞ்சள் கேப்சூல்களை நீண்டகாலம் சாப்பிட்டு இதே பாதிப்புக்கு ஆளானவர்களும் மருத்துவ இதழ்களில் இருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிய பேச்சு அல்ல இது. ஏற்கெனவே வடிகட்ட முடியாமல் திணறும் சிறுநீரகத்தின் மேல் தினமும் ஏற்றும் சுமையைப் பற்றியது.

ஆன்டிஆக்ஸிடன்ட் ஏன் தோற்கிறது? ஒரு காரணம், உடம்பு சூப்பர் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகளைச் செய்தி அனுப்பவும் பயன்படுத்துகிறது. ஜெர்மனியில் சுமார் 40 இளைஞர்களிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சியோடு வைட்டமின் சி-யும் ஈ-யும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்காமல் போனது. வெறுமனே பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைத்ததை மாத்திரை பறித்துக்கொண்டது. இன்னொரு காரணம், சர்க்கரையும் அழுத்தமும் குறையாதவரை சேதம் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஒழுகும் கூரையை விட்டுவிட்டுக் கீழே பாத்திரம் வைக்கிற கதை.

கூரையை அடைக்கும் மருந்துகள் இருக்கின்றன என்பதுதான் ஆற்றாமையைத் தருகிறது. இரத்த அழுத்த மருந்தான லோசார்டான் சிறுநீரகச் செயலிழப்பைக் குறைப்பதை 1,513 பேரிடம் ரெனால் ஆய்வு 2001-லேயே நிறுவிவிட்டது. சர்க்கரை மருந்தான கனாகிளிஃப்ளோசின் சிறுநீரக அபாயத்தை 30 சதவீதம் குறைத்ததால் கிரெடன்ஸ் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள்; முடிவு 2019-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதே வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் 39 சதவீதம் குறைத்தது. அதே 2020-ல் இந்தியாவில் அதன் முதல் காப்புரிமை முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரைகள் மலிவாக வந்துவிட்டன. கையில் இருக்கும் காசு சத்து மாத்திரைக்குப் போய், இந்த மருந்து அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும்போது நடக்கும் இழப்பு எந்தப் பக்கவிளைவுப் பட்டியலிலும் வராது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளின் மிகப் பெரிய குறை இதுவே.

கூரையை மலிவாகவே அடைக்க முயன்றவர்களும் இங்கே உண்டு. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி 1990-களின் இறுதியில் நகருக்கு வெளியே உள்ள கிராமங்களில் ஒரு திட்டம் தொடங்கினார். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் போகிறதா என்று சோதித்தார்கள். கண்டறியப்பட்டவர்களுக்குக் கொடுத்தவை மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைட், ரிசர்பைன், ஹைட்ராலசைன், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற பழைய, மிக மலிவான மருந்துகள். தலைக்கு ஆண்டுக்கு ஆன செலவு மிகக் குறைவு.

இன்று ஒரு சர்க்கரை நோயாளி மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் கடைசியாக எப்போது பார்த்தார்கள், 30-ஐத் தாண்டியதா? தாண்டியிருந்தால் லோசார்டான் வகை மருந்தும் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்தும் தனக்குப் பொருந்துமா? பையில் இருக்கும் சத்து மாத்திரைகளில் எதை எந்தக் குறைபாட்டுக்காக எழுதியிருக்கிறார், எப்போது நிறுத்தப் போகிறார்? கால் எரிச்சலுக்கு ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்றோ, பி12 குறைவுக்கு ஊசி என்றோ பதில் வந்தால் அது மருத்துவம். “கிட்னிக்கு நல்லது” என்று மட்டும் பதில் வந்தால், அந்த அட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.