பதினேழுக்கு ஒரு தேதி, பத்தொன்பதுக்கு ஒரு தேதி

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 தமிழ்க் கூலியாட்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்தத் துப்பாக்கிச் சூடு பற்றி நிறையப் பேசியாச்சு. உயிரோடு பிடிபடுகிறவர்களுக்குச் சட்டம் எப்படித் தண்டனையை அளக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். அதில் ஒரு இடத்தில் பெரிய கோளாறு இருக்கிறது.

ஒரு கற்பனைக்கு, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து செம்மரம் வெட்டப் போன மூன்று பேர் ஒரே வண்டியில் பிடிபட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவனுக்கு 17 வயது, அடுத்தவனுக்கு 19, மூன்றாமவருக்கு 35. மூவரும் முதல்முறை மாட்டியவர்கள். செய்த வேலை ஒன்றுதான்.

17 வயதுப் பையனுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நிற்கிறது. அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 16 வயது முடிந்தவனைப் பெரியவனைப் போல விசாரிக்க அனுப்பலாமே என்று கேட்பீர்கள். ‘கொடிய குற்றம்’ என்றால் மட்டும்தான் அதற்கு வழி. குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது கொடிய குற்றம் என்று 2020-இல் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதிகபட்சம் எவ்வளவு நீண்டாலும் அது கணக்கில் வராது. கொலை முயற்சி, கூட்டுக்கொள்ளை என்று சேர்த்து எழுதினாலும், அவற்றுக்குப் பொதுவாகக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது என்பதால் பையன் குழுமத்திடமே இருப்பான். அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம், அவ்வளவுதான்.

இப்போது 19 வயதுக்காரன். இவனையும் சட்டம் மறக்கவில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 6-ஆம் பிரிவு: 21 வயது நிரம்பாதவரை எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்பக் கூடாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சிறைதான் என்றால் காரணத்தை எழுத வேண்டும். ஒரு சட்டம் குறைந்தபட்சத் தண்டனை வைத்திருப்பதாலேயே இந்தச் சலுகை போய்விடாது என்று 1972-இல் ஈசர் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது உணவுக் கலப்பட வழக்கு. ஆந்திரா 2016-இல் வனச் சட்டத்தைத் திருத்திச் செம்மரத் தண்டனையைக் கடுமையாக்கிய பிறகு, அந்த வாதத்தை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இரண்டு ஓட்டைகள்.

முதலாவது, ஆயுள் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்கு 6-ஆம் பிரிவு பொருந்தாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்ததாகக் கூட்டுக்கொள்ளைப் பிரிவைச் சேர்த்து, அது நிரூபணமும் ஆகிவிட்டால் சலுகை போச்சு. 17 வயதுக்காரனை அசைக்காத அதே பிரிவு 19 வயதுக்காரனைக் கவிழ்த்துவிடுகிறது.

இரண்டாவதுதான் எனக்கு உறுத்துவது. இளைஞர் நீதிச் சட்டத்தில் குற்றம் நடந்த நாளில் வயது என்ன என்றுதான் பார்ப்பார்கள். நன்னடத்தைச் சட்டத்திலோ, விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளின் வயதுதான் கணக்கு என்று 1963-இல் ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 19 வயதில் பிடிபட்டவனின் வழக்கு மூன்று வருஷம் இழுத்தால் அவனுக்கு 22. அவன் ஒன்றும் செய்யாமலே 6-ஆம் பிரிவு கைநழுவுகிறது. தாமதம் நீதிமன்றத்தினுடையது, நஷ்டம் அவனுடையது.

இழுக்குமா என்றால், இழுக்கும். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் 280-க்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் 2016-இல்தான் விடுதலையானார்கள்.

35 வயதுக்காரருக்கும் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு உண்டு. ஆனால் அது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது, ஆயுள் குற்றங்களுக்கு அதுவும் கிடையாது. கூலிக்கு வெட்டியவர் வேறு, ஆள் திரட்டி அனுப்பிய ஏஜென்ட் வேறு என்று பிரித்துப் பார்க்க அங்கே இடம் இருக்கிறது, கட்டாயம் இல்லை.

வாய்ப்பு ஏன் வயதுக்கு வயது மாறுகிறது என்று கேட்டால், இளையவன் திருந்துவான் என்பதுதான் இரு சட்டங்களும் சொல்லும் காரணம். அந்தக் காரணம் குற்றம் நடந்த நாளைச் சேர்ந்தது. அப்போது அவன் எவ்வளவு இளையவன் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே 6-ஆம் பிரிவிலும் குற்ற நாளையே கணக்காக்கித் திருத்துவது ஒரு வரி வேலை.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று. வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்று, இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. வீட்டுப் பிரசவத்தில் பிறந்து, பாதியில் பள்ளியை விட்ட பையனுக்குக்கூட ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு தேதி இருக்கலாம். அதை வாங்கி முதல் நாளே வக்கீலிடம் கொடுங்கள். தவறவிட்டாலும், 18 வயது ஆகவில்லை என்ற வாதத்தைத் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், பழங்குடியினருக்கும் சிறார்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. அதை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.