ஃபேகியின் 'ஹவுஸ் ஆன் ஃபயர்': பெரியம்மைக்குப் பலித்தது எல்லாத்துக்கும் பலிக்குமா?

பெரியம்மை ஒழிப்பைப் பற்றிய புத்தகங்களில் வில்லியம் ஃபேகி எழுதின 'ஹவுஸ் ஆன் ஃபயர்' (2011) சிரமமில்லாமல் படிக்க முடிகிற ஒன்று. களத்தில் நேரடியாக இறங்கின டாக்டர் எழுதினது. பின்னாளில் அமெரிக்காவின் சிடிசிக்குத் தலைவராகவும் இருந்தவர். நோயாளியைத் தேடு, அவரைச் சுற்றி இருப்பவர்களை வளைத்துப் பிடி என்று கோவிட் சமயத்தில் நாம் கேட்டுக்கேட்டு அலுத்துப்போன உத்தி இருக்கிறதே, அதன் மூலக்கதைகளில் முக்கியமான ஒன்று இதுதான். அதனால்தான் இதைக் கொஞ்சம் கறாராகப் படிக்கணும்னு தோணுது.

கதை 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் தொடங்குகிறது. அம்மை பரவுதுன்னு தகவல் வருது, எல்லாருக்கும் குத்த மருந்து இல்லை. அந்தப் பகுதி மிஷனரிகளோடு ரேடியோவில் பேசி, வரைபடத்தைப் பிரித்துக் கொடுத்து, எந்தெந்த ஊரில் அம்மை இருக்குன்னு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். இருந்த மருந்தை அந்த ஊர்களில் குத்தினார்கள். அந்த ஊர்க்காரர்கள் எந்தச் சந்தைக்குப் போவார்கள், எங்கே சொந்தக்காரர்கள் என்று யோசித்து அங்கேயும் குத்தினார்கள். ஊரில் பெரும்பாலோர் குத்திக்கொள்ளாத நிலையிலேயே பரவல் நின்றுவிட்டது. (ஃபேகி ஆறடி ஏழங்குலம். இந்த நெட்டை மனுஷனை வந்து பாருங்கள் என்று சொல்லியே கூட்டம் சேர்த்த சம்பவமும் உண்டு.)

நூற்றுக்கு எண்பது பேருக்குக் குத்தினால் நோய் தானாகப் போய்விடும் என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. ஆனால் பெரும்பாலோர் கையில் அம்மை குத்தின தழும்பு இருந்த ஜாவாவிலேயே நோய் பரவிக்கொண்டுதான் இருந்தது. சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் குத்தாதவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தால் வைரஸுக்கு அதுவே போதும்.

புத்தகத்தின் உயிர் இந்தியப் பகுதியில்தான் இருக்கு. 1973 இலையுதிர் காலத்தில் உத்தரப்பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களில் பெரிய அளவில் தேடுதல் ஆரம்பித்தது. கையில் அம்மை போட்ட குழந்தையின் படம் போட்ட அட்டை. பள்ளிக்கூடம், சந்தை, வீடு என்று எல்லா இடத்திலும் 'இப்படி யாரையாவது பார்த்தீங்களா?' என்ற ஒரே கேள்வி. அதுவரை கணக்கிலேயே வராத ஆயிரக்கணக்கான நோயாளிகள் வெளியே வந்தார்கள். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. ஒழுங்கான மானிட்டரிங் போட்ட முதல் வாரம் எரர் எண்ணிக்கை எகிறும். நிலைமை கெட்டுப்போச்சா, இல்லை நமக்கு இப்பத்தான் கண் தெரியுதா என்று மேனேஜருக்குப் புரியவைப்பதற்குள் உயிர் போயிடும்.

பீகாரிலும் அதுதான் நடந்தது. 1974 மே மாதம். ரயில்வே வேலைநிறுத்தம், பொக்ரான் அணுகுண்டுச் சோதனை, கூடவே எகிறிக்கொண்டே போகும் அம்மைக் கணக்கு. மாநில சுகாதார அமைச்சர் கூட்டத்துக்கு வந்து, இந்த முறையை விட்டுவிட்டு எல்லாருக்கும் குத்துவதற்கே திரும்புவோம் என்றார். அப்போது ஒரு இந்திய டாக்டர் எழுந்து, எங்கள் ஊரில் ஒரு வீடு தீப்பிடித்தால் அந்த வீட்டில்தான் தண்ணி ஊத்துவோம், எல்லா வீட்டிலும் ஊத்த மாட்டோம் என்று சொன்னாராம். அமைச்சர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். புத்தகத்துக்குத் தலைப்பும் அதிலிருந்துதான். 1974-ல் இந்தியாவில் சுமார் 1,88,000 பேருக்கு அம்மை. 1975 மே மாதத்தோடு சரி, அதுக்கப்புறம் ஒருவருக்கும் இல்லை.

என் விமர்சனமும் இந்த உவமையில்தான் தொடங்குது. வீடு எரிந்தால் புகை தெரியும். பெரியம்மையும் அப்படித்தான், முகத்திலேயே தெரியும். கொப்புளம் வருவதற்கு முன்னால் அநேகமாக அடுத்தவருக்குத் தொற்றாது. கிருமி உள்ளே போய் நோய் வெளியே வர சுமார் 10 முதல் 14 நாள் ஆகும். தொற்றின மூணு நாலு நாளைக்குள் குத்தினால்கூடப் பெரும்பாலும் தப்பிக்கலாம். நோய்க்கும் தழும்பு, தடுப்பூசிக்கும் தழும்பு. விலங்குகளில் ஒளிந்துகொள்வதும் இல்லை. சொல்லப்போனா, தேடிப் பிடிப்பதற்கென்றே செய்தது மாதிரி ஒரு வைரஸ். இந்தத் தன்மைகளை ஃபேகி மறைக்கலை. ஆனால் கதையில் வெற்றிக்கான பங்கு நிர்வாகத்துக்கும் விடாமுயற்சிக்கும்தான் போகுது. பாதிப் பங்கை வைரஸுக்கு எழுதி வெச்சிருக்கணும் என்பது என் கட்சி.

2004-ல் கிறிஸ்டோஃப் ஃபிரேசர் குழு எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரை இந்தப் புத்தகத்துக்கு நல்ல துணை. ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்பது மட்டும் பத்தாது, அதில் எவ்வளவு பங்கு அறிகுறி தெரியும் முன்பே நடந்துவிடுகிறது என்றும் பார்க்கணும் என்கிறார்கள். அந்தப் பங்கு கூடினால், நோயாளியைத் தனிமைப்படுத்துவது எவ்வளவு திறமையாக நடந்தாலும் போதாது. 2003-ல் சார்ஸ் 8,096 பேரோடு நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதில் உடம்பு நன்றாகக் கெட்ட பிறகுதான் தொற்று உச்சத்துக்குப் போகும். எபோலாவும் அறிகுறி வந்த பிறகே பரவுவதால், நோயாளியைச் சுற்றி இருப்பவர்களுக்குக் குத்தும் ஃபேகி பாணி கினியாவில் 2015-ல் பலித்தது. கோவிட்டில் கிட்டத்தட்ட 44 சதவீதப் பரவல் அறிகுறிக்கு முன்பே நடந்ததாக 2020-ல் ஒரு மதிப்பீடு வந்தது. புகை தெரியும்போது பக்கத்து வீடும் உள்ளுக்குள் கனிந்துகொண்டிருக்கும்.

இன்னொரு குறை. தேடுதலின் கடைசிக் கட்டத்தில் அம்மை வந்த வீட்டு வாசலில் இரவும் பகலும் காவல் இருந்தது. மறுத்தவர்களைப் பிடித்துக் குத்தினதும், ராத்திரியில் கதவை உடைத்ததும் நடந்திருக்கு. வரலாற்றாளர் பால் கிரீனோ 1995-ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். இயக்கத்தை நடத்தினவரிடம் அந்தப் பக்கத்தை முழு எடையோடு எதிர்பார்க்க முடியாது. ஆகவே கிரீனோவையும் சேர்த்தே படிங்க.

2020-ல் சென்னையில் கோவிட் வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்தது நினைவிருக்கும். பீகார்க் காவல்காரரின் தம்பி அந்தத் தகரம். ரிசல்ட் வந்து தகரம் வருவதற்குள், அந்த ஆள் அதிகம் பரப்பக்கூடிய நாட்கள் அநேகமாக முடிந்திருக்கும். தகரத்துக்குப் பயந்தே டெஸ்ட் எடுக்காமல் பாராசிட்டமாலோடு வீட்டில் படுத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பீகாரிலும் அம்மையை மறைத்த குடும்பங்கள் இருந்தன. ஆனா அங்கே காவல் ஒரு பக்கம் என்றால், நோயாளி இருக்கும் இடத்தைச் சொன்னவருக்குப் பரிசு இன்னொரு பக்கம். 50 ரூபாயில் ஆரம்பித்து 100 ஆகி, நோயாளிகளே அரிதாகிப்போன 1975 நடுவில் 1,000 ரூபாய் வரை போனது. இங்கே தகவல் சொன்னவருக்குக் கிடைத்தது தகரம்.